கால்வாயும் தண்டவாளமும் சைக்கிளும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், லாங்குடாக் என்னும் பழம்பெரும் நாட்டுப்புறத்தில், சைக்கிளில் சுற்றி வருவோர் செல்லும் வழிகள் பற்றியதாகும். "வேலை பார்ப்பது ரயில்வேயில், பேசுவது சைக்கிளைப் பற்றி, அதுவும் கடல் கடந்த தேசத்துச் சைக்கிளா?" என்று பின்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. புன்னகைக்கு நியாயம் உண்டு. ஆயினும் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். அந்நாட்டுச் சைக்கிள் வழிகளில் ஒன்று பழைய கால்வாய்க் கரை. மற்றொன்று, தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட பழைய ரயில் பாதை. ஆகவே ரயில்வே காலனியில் வாழும் நமக்கு இது அயலான பொருள் அன்று. அங்கு நாம் நேரில் சென்று வந்ததில்லை. நூல்களும் நிலப்படமும் ரயில் கால அட்டவணையுமே நமக்கு வழித்துணை.

முதலில் நாட்டின் பெயரைப் பார்ப்போம். பிரான்சின் தென்பாதியில் பண்டைக் காலத்தில் பேசப்பட்ட மொழியில் 'ஆம்' என்பதற்கு 'ஒக்' என்று சொல்வார்கள். 'ஒக்' மொழி வழங்கும் நாடு என்பதே லாங்குடாக் என்ற பெயரின் பொருள். மொழியின் பெயரையே நாட்டுக்கு இட்டு வழங்கிய மக்கள் அவர்கள்! 1539ஆம் ஆண்டில் அரசன் பிறப்பித்த ஆணையால் அரசாங்க எழுத்து வேலை முழுவதும் பிரெஞ்சு மொழிக்கு மாறிற்று; பிற்காலத்துப் பள்ளிக்கூடங்களோ பிள்ளைகள் ஒக் மொழி பேசுவதையே தடுத்தன. மொழி மெலிந்தது, ஆயினும் மாய்ந்துவிடவில்லை. 1979ஆம் ஆண்டு முதல் பெற்றோர்களே முன்வந்து நடத்தும் ஒக் மொழிப் பள்ளிகள் அங்கே தோன்றியுள்ளன. இம்மன்றத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இந்நாட்டின் மேற்கே துலூஸ் என்னும் மாநகரம். கிழக்கே மத்தியதரைக் கடல். வடக்கே கருமலை என்று பொருள்படும் பெயருடைய மலைத்தொடர். தெற்கே தொலைவில் பிரனீஸ் மலைகள். துலூஸ் வழியே ஓடும் கரோன் ஆறு மேற்கே அட்லாண்டிக் மாகடலில் கலக்கிறது. இவ்விரு கடல்களுக்கும் இடையே ஒரு நீர்வழி இருந்தால், கப்பல்கள் ஸ்பெயின் நாட்டைச் சுற்றிக்கொண்டு கொள்ளைக்காரருக்கு அஞ்சி அஞ்சிச் செல்ல வேண்டியதில்லை அல்லவா? மன்னர் பலர் கண்ட கனவு இது. எல்லோரையும் தடுத்து நிறுத்தியது ஒரே கேள்வி. நடுவே ஒரு மேடு இருக்கிறது. மேட்டின் உச்சியில் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

விடை கண்டவர் பொறியியல் கற்றவர் அல்லர். பெஸியே என்னும் ஊரில் பிறந்து, உப்பு வரி வசூலிக்கும் உத்தியோகம் பார்த்த பியேர் போல் ரிக்கே என்பவர் அவர். கருமலையில் பெய்யும் மழைநீரைச் சிற்றோடைகளிலிருந்து திரட்டி, வாய்க்கால் வெட்டி, கடல் மட்டத்துக்கு 189 மீட்டர் உயரத்தில் உள்ள நோரூஸ் என்னும் மேட்டுக்குக் கொண்டு வந்தால், அங்கிருந்து அது இரு பக்கமும் தானே இறங்கும் என்று அவர் கணித்தார். தண்ணீரைத் தேக்கி வைப்பதற்குச் சான் ஃபெரியோல் என்ற இடத்தில் ஓர் அணை எழுந்தது. 1666ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் ஆணை பிறப்பித்தான். 1681ஆம் ஆண்டில் கால்வாய் திறக்கப்பட்டது. துலூஸ் முதல் கடலோரத் தோ ஏரி வரை அதன் நீளம் 240 கிலோமீட்டர். ரிக்கே தம் சொந்தப் பொருளையும் அதிலே கொட்டிக் கடனாளியானார். திறப்பு விழாவுக்குச் சில மாதங்களே இருந்தபோது, 1680 அக்டோபரில் அவர் காலமானார்.

ரிக்கேயின் திறமையை எல்லோரும் புகழ்கிறார்கள். நாம் இன்று எடுத்துச் சொல்ல விரும்புவது வேறொரு செய்தி. வேலை மும்முரமாக நடந்த நாட்களில் 12,000 பேர் வரை அங்கே மண் வெட்டினார்கள். ஆண்களோடு பெண்களும் கூடை சுமந்தார்கள். அவர்களுக்கு ரிக்கே மாதச் சம்பளம் வகுத்தார். ஞாயிற்றுக்கிழமை, திருநாள், மழையால் வேலை நின்ற நாள், நோயுற்றுப் படுத்த நாள் ஆகிய எதற்கும் பிடித்தம் இல்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், மன்னராட்சிக் காலத்தில், மண் சுமக்கும் கூலியாளுக்குச் சம்பளத்தோடு லீவு! அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயல் வேலைக்கு ஓடிப் போகாதிருக்க வகுத்த வணிகக் கணக்கு என்றும் இதனைச் சொல்லலாம். கணக்கோ கருணையோ, பலன் கூலியாளுக்குக் கிடைத்தது. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

கால்வாயில் படகுகள் ஓடின. கரையில் குதிரைகள் நடந்து கயிற்றால் படகை இழுத்தன. தானியமும் திராட்சை மதுவும் தபாலும் பிரயாணிகளும் சென்றனர். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன் 1787ஆம் ஆண்டில், தம் வண்டியையே படகின் மேல் ஏற்றிக்கொண்டு இவ்வழியே பயணம் செய்தார். அலுத்தபோதெல்லாம் கரையில் இறங்கிப் படகோடு சேர்ந்து நடந்தார். படகின் வேகம் அவ்வளவுதான்!

பின்னர் நம்மவர் வந்தனர். அதாவது ரயில் வந்தது. போர்டோ நகரிலிருந்து துலூஸ் வழியாகச் சேத் துறைமுகம் வரை 1857ஆம் ஆண்டில் ரயில் பாதை முடிந்தது. மறு ஆண்டே அந்த ரயில்வேக் கம்பெனி கால்வாயையும் நாற்பதாண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. போட்டிக்காரனையே குத்தகைக்கு எடுத்தவன் அவனை வளர்ப்பானா? சரக்கெல்லாம் ரயிலுக்கு மாறிற்று. குத்தகை முடிந்து அரசாங்கத்தின் கைக்கு வந்த பின்னரும் கால்வாய் பழைய நிலையை எட்டவில்லை. 1980களின் இறுதியோடு சரக்குப் படகுகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் குதிரை நடந்த கரை அப்படியே இருந்தது. அந்தக் கரையில்தான் இன்று சைக்கிள்கள் செல்கின்றன.

இனி வழியைச் சற்று விரிவாகக் காண்போம். துலூஸ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கால்வாய். அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை நல்ல தார்ப்பாதை. துலூஸில் கால்வாயின் உயரம் 132 மீட்டர். 52 கிலோமீட்டர் தாண்டி நோரூஸில் 189 மீட்டர். நம் எஞ்சினீயரிங் பகுதி நண்பர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்: ஏறத்தாழ 900 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். பாட்டியும் பேரனும் சேர்ந்து மிதிக்கலாம்! வழியில் மதகுத் தொட்டிகள் பல. படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்துத் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் தொட்டிகள் அவை. ஆரம்பத்தில் நேர்ச் சுவராகக் கட்டியபோது மண்ணின் பாரம் தாங்காமல் சுவர் சாய்ந்தது. ஆகவே முட்டை வடிவமாக வளைத்துக் கட்டினர். தொட்டிதோறும் காவலருக்கு ஒரு வீடு. வீட்டுச் சுவரில் ஒரு பலகை; இப்பக்கத்துத் தொட்டி எத்தனை மீட்டர், அப்பக்கத்துத் தொட்டி எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருக்கும். ஸ்டேஷன் பெயர்ப் பலகையையும் கிலோமீட்டர் கல்லையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இதைவிட இன்பமான காட்சி வேறு உண்டோ?

நோரூஸுக்கு அப்பால் தண்ணீர் மத்தியதரைக் கடலை நோக்கி ஓடுகிறது. 65ஆவது கிலோமீட்டரில் காஸ்டல்நோதாரி என்னும் ஊர். அவ்வூரின் பெயர் சொல்லும் உணவு, வெள்ளை மொச்சை போன்ற பயற்றை வாத்துக் கறியோடும் பன்றிக் கறியோடும் மணிக்கணக்காக வேக வைத்த குழம்பு. நம்மில் சைவ உணவினர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் திராட்சையும் கொண்டு திருப்தி அடைவர். தார்ப்பாதை முடிந்த பிறகு பல இடங்களில் மண்பாதைதான். மர வேர்கள் குறுக்கே ஓடும். மழை பெய்தால் சேறு. அகன்ற டயர் வேண்டும், அவசரம் ஆகாது. காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குச் செர்ஸ் என்று பெயர். அது கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு ஓத்தான் என்று பெயர். அது வீசும் நாளில் மிதித்த இடத்திலேயே நிற்பது போலத் தோன்றுமாம்.

105ஆவது கிலோமீட்டரில் கார்க்கசோன். முதலில் கால்வாய்ச் செலவில் பங்கு கொடுக்க இவ்வூரார் மறுத்துவிட்டனர்; கால்வாய் ஊரைத் தொடாமல் ஒதுங்கிச் சென்றது. பிறகு வணிகம் போயிற்றே என்று வருந்தி, 1810ஆம் ஆண்டில்தான் ஊருக்குள் திருப்பிக்கொண்டனர். மேட்டில் இரட்டை மதில் சூழ்ந்த கோட்டை நகரம் நிற்கிறது. அதன் பின்னே துயரமான வரலாறு உண்டு. கத்தார் எனப்பட்ட ஒரு பிரிவினர், திருச்சபையின் கொள்கைக்கு மாறான நெறியில் இந்நாட்டில் வாழ்ந்தனர். அவர்களை ஒழிக்க வடக்கிலிருந்து சிலுவைப் போர்ப் படை வந்தது. 1209ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் பெஸியே நகரம் சூறையாடப்பட்டு மக்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர்; அடுத்த மாதமே கார்க்கசோன் பணிந்தது. இன்று நாம் படங்களில் காணும் மதிலும் கோபுரமும் 1853ஆம் ஆண்டு முதல் வியோலே லெ துக் என்னும் கட்டடக் கலைஞர் செப்பனிட்ட தோற்றம். சாலை வழியே காரில் வருவோர் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவர். சைக்கிளில் வருபவரோ, அக்கோட்டையைக் காத்து நின்றவர் உண்ட கோதுமை எந்த நிலத்தில் விளைந்தது, எந்த மேட்டிலிருந்து படை இறங்கியது என்பதைக் காலால் அறிந்து வருவர்.

கார்க்கசோனுக்குக் கிழக்கே திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. ஓரிடத்தில் 54 கிலோமீட்டர் தூரம் ஒரு மதகுத் தொட்டியும் இல்லாமல், மலைச்சரிவின் வளைவுகளை அனுசரித்தே கால்வாய் செல்கிறது. அந்நெடும் வழியின் முடிவுக்கு அருகில் மல்பா என்னும் சிறு குன்று. ரயில்வேக்காரர் ஒவ்வொருவரும் ஒருமுறை தலைவணங்க வேண்டிய இடம் அது. 1679ஆம் ஆண்டில் ரிக்கேயின் ஆட்கள் அக்குன்றைக் குடைந்து கால்வாயைக் கொண்டு சென்றனர். படகு செல்வதற்கென்று ஐரோப்பாவில் குடையப்பட்ட முதல் சுரங்க வழி அதுவே என்பர். அதற்குக் கீழே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் சுரங்கம் குடையப்பட்டது. இவை இரண்டுக்கும் முன்னரே, பதின்மூன்றாம் நூற்றாண்டில், மோந்தாதி என்னும் ஏரியின் நீரை வடித்து விளைநிலமாக்க அதே குன்றின் அடியில் ஒரு வடிகாலும் குடையப்பட்டிருந்தது. ஒரே குன்றினுள் உழவன் வழி, படகின் வழி, ரயிலின் வழி என மூன்று வழிகள்! குன்றின் மேலே நாலாவதாக, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு குடும்பம் செல்கிறது.

அடுத்து பெஸியே நகரம். அங்கே ஃபோன்சரான் என்ற இடத்தில் எட்டுத் தொட்டிகள் படிக்கட்டுப் போல அடுக்கப்பட்டு, படகை 21 மீட்டருக்கு மேல் இறக்குகின்றன. அப்பால் ஆக்த் நகரத்தைக் கடந்து தோ ஏரியும் கடலும். மொத்தத்தில் நிதானமாகச் செல்வோருக்கு ஐந்து ஆறு நாள் பயணம். களைத்தவருக்கும் கவலை இல்லை. கால்வாய்க்கு அணித்தாகவே ரயில் பாதையும் செல்கிறது. காஸ்டல்நோதாரி, கார்க்கசோன், பெஸியே, ஆக்த், சேத் எல்லாவற்றிலும் நிலையம் உண்டு. வட்டார ரயில்களில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளவும் இடம் உண்டு. கால்வாயைத் தோற்கடித்த ரயில், இன்று கால்வாய்க் கரையில் களைத்தவனுக்குக் கை கொடுக்கிறது.

1996ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கால்வாயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் பத்தே ஆண்டில் ஒரு கேடு தலைகாட்டிற்று. கரை நெடுகிலும் ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. காஷ்மீரத்துச் சினார் மரத்தின் இனம் அது. கிளைகள் இருபுறமிருந்தும் வந்து தண்ணீருக்கு மேல் கைகோத்து நிற்பதே இவ்வழியின் பேரழகு. இம்மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் ஒன்று 2006ஆம் ஆண்டில் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கொண்டு வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையோடு அந்நோய் பிரான்சுக்குள் நுழைந்தது என்பர். போர் முடிந்து அறுபது ஆண்டு கழித்து ஒரு பெட்டிப் பலகை மரங்களைக் கொல்கிறது! மருந்து இல்லை, நோய் கண்ட மரத்தையும் அதனை அடுத்த மரங்களையும் வெட்டி எரிப்பதே வழி. இதுவரை பல்லாயிரம் மரங்கள் விழுந்துவிட்டன. அவற்றின் இடத்தில் கருவாலி முதலிய வேறு மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். நடுபவர் அந்நிழலில் உட்காரப் போவதில்லை. ஆயினும் நடுகிறார்கள்.

இப்போது இரண்டாவது வழிக்கு வருவோம். கருமலைக்கு அருகே மஸாமே என்றொரு தொழில் நகரம். ஆர்ஜென்டைனா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து ஆட்டுத் தோல்களை வரவழைத்து, கம்பளி ரோமத்தை வேறாகவும் தோலை வேறாகவும் பிரித்து விற்பதில் உலகப் புகழ் பெற்றிருந்த ஊர் அது. அந்நகரத்திலிருந்து பெதாரியூ என்னும் ஊர் வரை மலைகளுக்கிடையே ஒரு ரயில் பாதை ஓடிற்று. லாரிகள் பெருகின, தோல் தொழில் நலிந்தது, கடைசியில் பாதை மூடப்பட்டது. மூடப்பட்ட பாதை என்ற சொல் நம் போன்றோர் நெஞ்சில் எப்படி விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிக்னல் கம்பம் துருப்பிடிக்கும். நடைமேடையில் புல் முளைக்கும். கேங்மேன் குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படும்.

ஆனால் அங்கே கதை அத்தோடு முடியவில்லை. தண்டவாளத்தை எடுத்த இடத்தில் பாதையைச் செப்பனிட்டு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்கு இட்ட பெயர் ஒக் மொழிப் பெயர்: பாசா பாயிஸ். 'நாட்டின் ஊடே செல்வது' என்பது பொருள். மலைநாடாயினும் ஏற்றம் கடினமில்லை. எஞ்சின் ஏறுவதற்காக மலையை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் அமைத்த பாதை அல்லவா? வழியில் 700 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு சுரங்கம். உள்ளே விளக்குகள் எரிகின்றன. அதன் ஒரு பக்கத்தில் பெய்யும் மழை அட்லாண்டிக்குக்கும் மறுபக்கத்தில் பெய்வது மத்தியதரைக் கடலுக்கும் செல்கிறது. ஒலார்க் என்னும் பழைய ஊரின் அருகே ரயிலுக்காகக் கட்டிய இரும்புப் பாலத்தின் மேல் இன்று குழந்தைகள் மணியடித்துக்கொண்டு செல்கின்றனர். கார்டு கொடி காட்டிய இடத்தில் தாய் ஒருத்தி நின்று, பின்தங்கிய மகனைக் கைகாட்டி அழைக்கிறாள். பாதைக்கு மரணமில்லை; அதன் மேல் செல்வதுதான் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவ்வழிகளில் செல்பவர் யார்? செல்வந்தர் மட்டுமா? இல்லை. இங்கேதான் முன்பு மனத்தில் இருத்தச் சொன்ன செய்திக்குத் திரும்புகிறோம். சைக்கிளில் நாடு சுற்றும் வழக்கத்தைப் பிரான்சில் பரப்பியவர் போல் தெ விவி என்பவர். 1853ஆம் ஆண்டில் தென்னாட்டுப் பெர்ன் என்னும் ஊரில் பிறந்து, பட்டு வணிகம் செய்து, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். 1887ஆம் ஆண்டில் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். மலை ஏறுவதற்கேற்ற கியர் வேண்டும் என்று, ஏளனம் செய்தவர்களுக்கு மத்தியில் வாதாடினார். பசிக்கும் முன் உண்ணுக, தாகம் எடுக்கும் முன் பருகுக, பிறர் மெச்சுவதற்காக மிதிக்க வேண்டா என்பன அவர் போதனையின் சாரம். 1930ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

ஆயினும் அவருடைய போதனையைக் கேட்டு மகிழ்ந்த தொழிலாளிக்கு நாள் எங்கே இருந்தது? 1936ஆம் ஆண்டு ஜூன் மாதம், லியோன் புளூம் தலைமையில் அமைந்த அரசாங்கம், தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை அளிக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. லியோ லாக்ராஞ்சு என்னும் இளம் அமைச்சர் ரயில்வேக்காரரோடு பேசி, விடுமுறைத் தொழிலாளருக்குக் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது குறைத்து ஒரு டிக்கெட்டு ஏற்படுத்தினார். அக்கோடையில் ஆலைத் தொழிலாளர் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். ரயிலில் சென்றவர் பல லட்சம். இரட்டைச் சைக்கிளில் கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டவர் எண்ணற்றவர். எண்ணிப் பாருங்கள். கால்வாய் வெட்டிய கூலியாளுக்குச் சம்பள லீவு கிடைத்தது 1669ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில். அதே நாட்டில் எல்லாத் தொழிலாளருக்கும் அது கிடைத்தது 1936இல். இடையே இருநூற்றறுபத்தேழு ஆண்டுகள்! பாதை மட்டும் இருந்தால் போதாது. அதன் மேல் செல்ல நாளும் வேண்டும். பாதையைப் பொறியாளர் கொடுக்கலாம். நாளைக் கேட்டுப் பெற்றவர் தொழிலாளர்.

நண்பர்களே, நமக்கு லீவு உண்டு, பாஸ் உண்டு, பி.டி.ஓ.வும் உண்டு. அவற்றில் பெரும்பகுதி ஆண்டுக்கொரு முறை சொந்த ஊர் செல்வதிலும், திருமணம், காதுகுத்து, கோயில் கொடை ஆகியவற்றிலும் கழிகிறது. அது வேண்டியதே, வேரை மறந்த மரம் நிற்காது. ஆனால் இக்காலனியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இந்த ஜான்சி மண்ணும் வேர்தான். பேட்வா ஆறு இங்கிருந்து எட்டாத் தொலைவில் இல்லை. அதன் கரையில் புந்தேலா மன்னர்கள் எழுப்பிய அரண்மனைகளும் கோயில்களும் நிற்கும் ஓர்ச்சா, இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. எத்தனை பிள்ளைகள் அதனை ரயில் ஜன்னல் வழியாக அன்றித் தம் காலால் அறிந்திருக்கிறார்கள்?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறோம். பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இளைஞர்கள் சைக்கிளிலும், தாய்மார்களும் முதியோரும் பஸ்ஸிலும், புளியோதரைப் பொட்டலத்தோடு ஓர்ச்சாவுக்குப் புறப்படுவோம். பிரான்சு செல்லப் பணம் வேண்டும். பேட்வாக் கரைக்குச் செல்ல மனம் போதும். வழியில் எவரும் எவரையும் முந்த வேண்டா. பசிக்கும் முன் உண்போம். தாகம் எடுக்கும் முன் பருகுவோம். யார் வெட்டிய வாய்க்கால், யார் போட்ட பாதை, யார் நட்ட மரம் என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்வோம். திரும்பி வரும்போது நாமும் இரண்டு மரக்கன்றுகள் நட்டுவிட்டு வருவோம்.